விருந்தாளி வந்தாலும் மேசை நகராது

எங்கள் ஊர் மருதமுனை. வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா, நான், தம்பி என ஐந்து பேர். படுக்கையறைகள் மூன்று. அவற்றுள் மிகச் சிறியது வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கதவு சாத்தியே கிடந்தது. அதற்கு 'விருந்தாளி அறை' என்று பெயர். உள்ளே ஓர் இரட்டைக் கட்டில், கண்ணாடி பதித்த பெரிய அலுமாரி, பிளாஸ்டிக் பூக்கள் வைத்த சின்ன மேசை. விரிப்புக் கசங்கிவிடும் என்று அந்தக் கட்டிலில் உட்காரத் தம்பியையும் உம்மா விடுவதில்லை.

அதே வீட்டில் ராத்தா சாப்பாட்டு மேசையில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். பட்டப்படிப்பை முடித்தபின் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். காலை 8.30 முதல் மாலை 5 மணி வரை. பகல் சோறு வைக்கும் நேரம் வந்தால் மடிக்கணினி, கோவைகள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும். வீட்டுக்கு யாரும் வந்துவிட்டால் அவருடைய காரியாலயம் குசினி மூலைக்குப் போய்விடும்.

ஒருநாள் மாதாந்தக் கூட்டத்தில் ராத்தா கணக்கறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். அன்று விருந்தாளிகள் இருந்தார்கள். ராத்தாவின் முதுகுக்குப் பின்னால் பிரஷர் குக்கர் மூன்று முறை விசிலடித்தது. "இன்றைக்கு என்ன சமையல்?" என்று யாரோ கேட்க, மறுமுனையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராத்தாவும் சிரித்தார். ஆனால் அன்றிரவு, "வேலைய விடப்போறன்" என்று உம்மாவிடம் சொன்னார். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் வாப்பா அளவு நாடாவோடு அந்தச் சிறிய அறைக்குள் போனார்.

அதன் பிறகு ஒரு மாத காலத்தில் அந்த அறையை விருந்தினருக்கும் வேலைக்கும் பொதுவான அறையாக மாற்றினோம். அந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். ஓர் அறை மிஞ்சியிருந்தும் இருந்து எழுத இடமில்லாத பெண்கள் எங்கள் வீட்டில் மட்டும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் எண்ண வேண்டும்

தளபாடக் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த அறையை யார், வருடத்தில் எத்தனை நாட்கள் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நானும் உம்மாவும் எண்ணினோம். வாப்பாவின் உம்மாவான மூத்தம்மா பொத்துவிலில் மாமி வீட்டில் இருக்கிறார். கல்முனையில் கிளினிக்குக்காக மாதம் ஒரு முறை வந்து இரண்டு இரவுகள் தங்குவார். அது 24 இரவு. கொழும்பிலிருந்து சாச்சி குடும்பம் பாடசாலை விடுமுறையில் வந்தால் ஐந்து இரவு. இரண்டு பெருநாட்களுக்கும் நான்கு, மற்றவர்கள் மூன்று. எல்லாமாக 36 இரவுகள். ராத்தாவின் வேலை நாட்களோ ஏறத்தாழ 240. மாலையில் அவர் எழும்பியதும் எனக்கும் படிக்க இடம் வேண்டும்.

36 இரவுகளுக்காக ஓர் அறை 365 நாட்களும் காத்துக் கிடந்தது. தாளில் எழுதிப் பார்க்கும் வரை இது எங்களுக்கே தெரியவில்லை.

உம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "வாறவங்க என்ன நெனப்பாங்க? ஆபீசுக்குள்ள படுக்க வெச்ச மாதிரி இருக்காதா?" என்று கேட்டார். இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஆனால் விருந்தோம்பலுக்கு மூன்று நாள் எல்லையையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வீட்டாரைச் சிரமத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்றும் கற்பித்திருக்கிறார்கள். விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் உரிமை உண்டு. இரண்டையும் ஓர் அறைக்குள் கொண்டு வருவதுதான் எங்கள் கணக்கு.

எங்கள் முடிவு இது: அன்றாடம் பயன்படும் பொருளுக்கு நிலையான இடம். எப்போதாவது பயன்படும் பொருள் மடங்க வேண்டும், சுருள வேண்டும், அல்லது இன்னொன்றின் அடியில் நுழைய வேண்டும். அதாவது விருந்தாளி வந்தாலும் மேசை நகராது.

அளவெடுத்தல்

எங்கள் அறை கிழக்கு மேற்காக 10 அடி, வடக்குத் தெற்காக 9 அடி. ஆக 90 சதுர அடி. வடக்குச் சுவரில் யன்னல். தெற்குச் சுவரில், கிழக்கு மூலையை ஒட்டிக் கதவு. மேற்குச் சுவருக்கு அப்பால் உம்மாவின் அறை.

கட்டங்கள் போட்ட கொப்பித் தாளில் ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று அறையை வரைந்தோம். தளபாடங்களை அதே அளவில் கடதாசியில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பார்த்தோம். கட்டிலை நான்கு முறை தூக்கி வைக்கும் முதுகுவலி இதனால் மிச்சமாகும். கதவு திறக்கும் வளைவு, அலுமாரிக் கதவு திறக்கும் தூரம், கதிரையைப் பின்னுக்குத் தள்ளும் தூரம் ஆகியவற்றையும் வரைய வேண்டும். பலரும் மறப்பது இவற்றைத்தான். கதிரைக்குப் பின்னால் இரண்டரை அடியாவது வேண்டும். ஆள் நடக்கும் வழிக்கு இரண்டு அடி வேண்டும்.

வரைந்தபோது ஒன்று தெரிய வந்தது. பழைய இரட்டைக் கட்டில் ஆறேகால் அடி நீளம், ஐந்து அடி அகலம். அது மட்டுமே 31 சதுர அடியைப் பிடித்திருந்தது. அறையின் மூன்றில் ஒரு பங்கு! மூன்று அடி அகலமான ஒற்றைக் கட்டிலுக்கு 19, நான்குக்கு இரண்டு அடி மேசைக்கு 8, ஒடுக்கமான அலுமாரிக்கு 4. கூட்டினால் 31. பழைய கட்டில் தனியே பிடித்த இடத்துக்குள் மூன்று பொருட்களும் அடங்கிவிடுகின்றன.

கட்டில்

புதிய கட்டில் வாங்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓடாவி பழைய கட்டிலையே பிரித்து மூன்றடி அகலமாகச் சிறுப்பித்துத் தந்தார். மிஞ்சிய பலகையில் நான்கு சிறு சில்லுகள் பூட்டிய ஓர் இழுவைக் கட்டிலைச் செய்தார். பகலில் அது பெரிய கட்டிலின் அடியில் இருக்கும். இரண்டு பேர் தங்க வந்தால் வெளியே இழுக்கலாம். இதற்கு இழுவைக் கட்டில், சில்லு, மெத்தை மூன்றையும் சேர்த்த உயரத்தை விடக் கட்டிலின் அடியிலுள்ள இடைவெளி இரண்டு அங்குலமாவது கூட இருக்க வேண்டும்.

மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் 18 முதல் 20 அங்குலம் இருப்பது நல்லது. மூத்தம்மாவைப் போல முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த உயரத்திலிருந்து சிரமமில்லாமல் எழும்பலாம். பதிந்த கட்டில் அழகாகத் தெரியலாம், ஆனால் வயதானவர்களுக்கு அது தண்டனை.

அடியில் வைக்கும் மெத்தைக்குப் பூஞ்சணம் எதிரி. எங்கள் பக்கம் வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். எனவே மெத்தையை முழுப் பலகையில் வைக்காமல் இரண்டு அங்குல இடைவெளி விட்ட சட்டங்களின் மேல் வைத்தோம். மழைக்காலத்துக்கு முன் வெயிலில் காயவைக்கிறோம்.

மெத்தைகளை அடுக்கி வைப்பதும் வீண். வீட்டுக்காரருக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு மூன்றாவது என்றும், அதற்கு மேற்பட்டது ஷைத்தானுக்கு என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதை வாசித்த பின் உம்மா சேர்த்து வைத்திருந்த நான்கு மேலதிக மெத்தைகளில் இரண்டு வேறு வீடுகளுக்குப் போயின. பிள்ளைகள் வந்தால் இருக்கவே இருக்கிறது பன்பாய். பகலில் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம்.

கட்டிலை மேற்குச் சுவரை ஒட்டி, தலைமாடு தெற்கே இருக்கும்படி போட்டோம். படுப்பவரின் கால் கிப்லாப் பக்கம் நீளாது. இலங்கையிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்தது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள வெளியில் முஸல்லா விரிக்க இடம் கிடைத்தது. சுபஹுக்கு எழும்பும் விருந்தாளி யாரையும் எழுப்பாமல் அங்கேயே தொழலாம்.

மேசையும் கதிரையும்

கிழக்குச் சுவரை ஒட்டி, யன்னல் பக்கமாக மேசை. கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் வடக்கு யன்னல் இடது கைப்பக்கம் வரும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் தாளில் விழாது. யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கணினித் திரையில் வெளிச்சம் தெறிக்கும். கூட்டத்திலிருக்கும் மற்றவர்களுக்கு நம் முகமும் இருட்டாகத் தெரியும்.

மேசையின் உயரம் 29 அங்குலம். தட்டச்சு செய்யும்போது முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிய வேண்டும். பாதம் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எனக்கு எட்டவில்லை என்பதால் காலுக்கு ஒரு பழைய பலகைப் பெட்டி வைத்திருக்கிறேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். மடிக்கணினியில் அது இயலாது. அதன் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கி, தனியான விசைப்பலகை ஒன்றைப் பொருத்திக்கொண்டால் சரி.

எங்களுக்குக் கூடிய செலவு வைத்தது கதிரைதான். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்த வாப்பா இதில் மட்டும் பார்க்கவில்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஒருவரின் முதுகெலும்பைத் தாங்கும் பொருள் அது. பிளாஸ்டிக் கதிரையில் இருந்த காலத்தில் ராத்தா தினமும் இடுப்பில் தைலம் பூசுவார்.

கண்ணுக்கும் ஒரு விதி உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 செக்கன் பார்க்க வேண்டும். ஒன்பது அடி அறைக்குள் 20 அடிக்கு எங்கே போவது? யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. மேசையை யன்னலருகே போட இதுவும் ஒரு காரணம்.

நடுவில் ஒரு திரை

இந்த அமைப்பில் ஒரு குறை இருந்தது. ராத்தா கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் கமெராவில் அவருக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. அதில் யாராவது படுத்திருந்தால்?

எங்கள் ஊர் கைத்தறிக்குப் பேர் போனது. கடையில் ஆயத்தத் திரை வாங்காமல், உள்ளூர்த் தறியில் நெய்த தடித்த துணி எடுத்து உம்மா தைத்தார். கட்டிலுக்கும் வேலைப் பக்கத்துக்கும் நடுவே அதைத் தொங்கவிட்டோம். பகலில் அது கட்டிலைக் கமெராவிலிருந்து மறைக்கிறது. இரவில் மேசையை விருந்தாளியிடமிருந்து மறைக்கிறது. ஆபீசுக்குள் படுக்க வைத்த மாதிரி இருக்கும் என்ற உம்மாவின் கவலைக்கு இந்தத் துணிதான் பதில். கூட்ட நேரத்தில் ராத்தாவின் பின்னால் இப்போது நீலக் கோடு போட்ட மருதமுனைத் துணி தெரிகிறது. "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்களாம்.

திரை போடுபவர்களுக்கு மூன்று குறிப்புகள். மெல்லிய கம்பி ஒன்பது அடிக்குத் தொய்ந்துவிடும். குழாய்தான் பூட்ட வேண்டும். துணியின் அகலம் குழாயின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழாது. மேலே ஓர் அடி வெளி விட வேண்டும். அப்போதுதான் மின்விசிறியின் காற்று இரு பக்கமும் போகும். கச்சான் காற்றுக் காலத்தில் இதன் அருமை தெரியும்.

வெளிச்சமும் மின்சாரமும்

ஓர் அறைக்குள் இரண்டு வேலை என்றால் இரண்டு மின்குமிழ், இரண்டு ஆளி. மேசைக்கு வெள்ளை வெளிச்சம். கட்டில் பக்கம் மஞ்சள் சாயல் உள்ள மென்மையான வெளிச்சம். மின்குமிழ்ப் பெட்டியில் இதைக் கெல்வின் அளவில் அச்சிட்டிருப்பார்கள். 3000க்குக் கீழ் என்றால் மஞ்சள், 4000க்கு மேல் என்றால் வெள்ளை. மூத்தம்மா படுத்த பின்பும் நான் திரைக்கு இப்பால் மேசை விளக்கில் படிக்கிறேன்.

மேசைக்கும் கட்டிலுக்கும் தனித்தனிச் செருகி வேண்டும். விருந்தாளி தொலைபேசியை ஏற்றுவதற்காக ராத்தாவின் வயரைக் கழற்றிய சம்பவம் முன்பு நடந்திருக்கிறது. மடிக்கணினிக்கு 65 வாற், மின்விசிறிக்கு 70 வாற் அளவில் போதும். ஆனால் மின்னழுத்தி 1000 வாற் இழுக்கும். அதை மேசையின் நீட்சி வயரில் செருகக் கூடாது. சுவர்ச் செருகியில் மட்டுமே செருக வேண்டும். மின் வேலையை உரிய மின்னியலாளரிடமே கொடுத்து, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

ஒரு பூட்டும் ஒரு வெற்றுத் தட்டும்

பொது அறையில் இரு தரப்புக்கும் நம்பிக்கை வேண்டும். நிறுவனத்தின் கோவைகளுக்கு மேசையில் பூட்டுள்ள ஒரு லாச்சி. வேலை முடிந்ததும் எல்லாம் அதற்குள் போகும். யார் தங்கினாலும் ராத்தாவுக்குப் பயமில்லை.

விருந்தாளிக்கு அலுமாரியில் ஒரு தட்டு எப்போதும் வெறுமையாக இருக்கும். எங்கள் வீட்டில் இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். வெற்றிடத்தைக் கண்டால் எதையாவது வைக்கத் தோன்றும். பையை வைக்க ஒரு சின்ன வாங்கு, உடுப்புக் கொளுவ இரண்டு கொளுக்கி, ஒரு துவாய், ஒரு தண்ணீர்ப் போத்தல், அறைக்கு உட்புறம் ஒரு நாதாங்கி. விருந்தாளிக்கு உண்மையில் தேவை இவ்வளவுதான். இவற்றுள் நாதாங்கி மிக முக்கியம். பிறர் வீட்டில் உடை மாற்றும் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி அலுமாரியை விட அது பெரிய உபசாரம்.

நேரமும் ஒரு தளபாடம்

இவ்வளவும் செய்தாலும் நேரத்தைப் பிரிக்காவிட்டால் அறை சண்டைக் களமாகிவிடும். எங்கள் வீட்டு ஒழுங்கு இது: வேலை நாட்களில் காலை 8.30 முதல் 5 வரை மேசைப் பக்கம் ராத்தாவுக்கு. பின்னேரம் எனக்கு. விருந்தாளி இருந்தால் இரவு 10 மணிக்கு மேல் அறை முழுவதும் அவருக்கு. பகலில் சாய விரும்பும் விருந்தாளி திரைக்குப் பின்னால் சாயலாம். கூட்டம் நடக்கும் போது மட்டும் கதவில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். தம்பிக்காகவே ஏற்படுத்திய சட்டம் அது. இந்த ஒழுங்கை விருந்தாளி வந்த முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குவது விருந்தோம்பல் அல்ல.

மூத்தம்மா வந்தார்

புதிய அறைக்கு முதல் விருந்தாளி மூத்தம்மாதான். உம்மா பதற்றமாக நின்றார். "மன்னிச்சிக்கங்க மாமி, புள்ளட மேசையும் இதுக்குள்ளதான்" என்றார்.

மூத்தம்மா மேசையைப் பார்த்தார். திரைத் துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். இளமையில் அவர் இதே ஊரில் தறி நெய்தவர்.

"எங்கட வீட்டுல இருந்ததே ஒரு அறதான். அதுக்குள்ள தறி. வாறவங்க தறிக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுப்பாங்க. தறியத் தூக்கி வைங்க எண்டு ஒருத்தரும் செல்லல்ல. அதாலதானே சோறு தின்டம்" என்றார்.

உம்மா ஒன்றும் பேசவில்லை. நான் நெடுநேரம் அதை யோசித்தேன். தறி கனமானது, நிலத்தோடு பூட்டியது. அதை யாரும் நகர்த்தச் சொல்ல முடியாது. மடிக்கணினி கனமற்றது. ஒரு கையால் தூக்கிவிடலாம். அதனாலேயே அதில் நடக்கும் வேலையும் கனமற்றது என்று நாம் நினைத்துவிடுகிறோமோ?

ஒரு பெண் எழுதுவதற்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப் 1929இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். எங்களைப் போன்ற வீடுகளில் முழு அறை ஒன்று கிடைப்பது கஷ்டம். ஆனால் நான்கு அடி மேசையும், ஒரு திரையும், பூட்டுள்ள ஒரு லாச்சியும் கிடைக்கலாம். வேலையைத் தொடரவும் பரீட்சைக்குப் படிக்கவும் அது போதும்.

அன்று பகல் ராத்தாவுக்குக் கூட்டம் இருந்தது. மூத்தம்மா திரைக்குப் பின்னால் சாய்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்டும் வெளங்கல்ல புள்ள. ஆனா நல்லாத்தான் பேசினாய்."

ராத்தா வேலையை விடவில்லை. அடுத்த மாதக் கணக்கறிக்கையையும் அதே மேசையில் இருந்துதான் வாசித்தார்.